சர்வர் அறைக் கதவு

காலை வெயில் வங்கியின் கண்ணாடிச் சுவரைத் தாண்டி வந்து, சர்வர் அறைக் கதவில் மினுங்கும் சிவப்பு விளக்கின் மேல் விழுகிறது. எந்த ஊழியருக்கு எதைத் திறக்கலாம் என்று சொல்லும் கணினி உள்ளே படுத்துவிட்டது. அதைக் கேட்காமல் அந்த அறைக் கதவும் திறக்காது. ஓய்வூதியச் சான்று கொடுக்க வந்த நான், உலகமே திரண்ட கூட்டத்தில் முதல் ஆளாக நிற்கிறேன். "சர்வர் நம்ம கட்டடத்துக்குள்ள இருந்தாதான் பத்திரம்னீங்களே சார். பத்திரமா உள்ளயே இருக்கு" என்கிறார் கணினிப் பாதுகாப்பு அதிகாரியம்மா. மேலாளர் வழுக்கையைத் துடைத்து ஒரு குளத்தையே கைக்குட்டையிலிருந்து பிழிகிறார். எல்லாவற்றையும் வெளியிடத்துக் கணினிகளுக்கு, அதாவது கிளவுடுக்கு, மாற்றும் தாளில் அவர் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. இன்றே கடைசி நாள். நான் மெல்ல என் சாவிக்கொத்தை எடுத்து, கைப்பிடிக்குக் கீழே எல்லோரும் மறந்துபோன பழைய பூட்டில் ஒரு சாவியை நுழைக்கிறேன். கதவு திறக்கிறது. கைதட்டல் கூரையைப் பிய்க்கிறது. "பாத்தியாம்மா! நம்ம இடத்துல இருக்கப்போய்தான் திறக்க முடிஞ்சுது!" என்று மேலாளர் துள்ளுகிறார். அந்த அம்மா என்னையே பார்க்கிறார். "ஐயா, நீங்க இங்கேருந்து ரிடையராகி எத்தனை வருஷம்?" "ஆறும்மா." மேலாளரின் துள்ளல் பாதியில் நிற்கிறது. அவருடைய ஒரு கை பேனாவைத் தேடுகிறது, மறு கை சாவிக்காக என் முன்னே நீள்கிறது. கொத்தில் இந்த வங்கியின் சாவி இன்னும் மூன்று இருப்பதைச் சொல்லலாமா வேண்டாமா என்று நான் சந்தோஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.