எதிரே வரும் முகங்கள்

மழை விட்ட மாலை வெயில் தார்ச்சாலையில் மினுங்கிக் கிடக்கிறது. வேலை முடிந்து வரும் தையற்காரி, வண்டிகள் எதிரே வரும் ஓரமாகவே நடக்கிறாள். தூரத்திலேயே கண்ணில் படட்டும் என்று வெள்ளைத் துணிப்பையைச் சாலைப் பக்கத்துக் கையில் தொங்கவிட்டிருக்கிறாள். வண்டி வந்தால் புல்லில் ஒதுங்கி நின்று, ஓட்டுபவரை நிமிர்ந்து பார்க்கிறாள். “முதுகக் காட்டி நடக்காத. டிரைவர் மூஞ்சி உனக்குத் தெரியணும்” என்று சொல்லிவிட்டு லாரியேறிப் போன புருஷன், போனவன்தான், மூன்று வருஷமாகிறது. வளைவு தாண்டி வரும் ஒரு லாரி வேகத்தைக் குறைத்து, அவள்மேல் சேறு தெறிக்காமல் ஊர்ந்து வந்து நிற்கிறது. இளம் டிரைவர் கண்ணாடியை இறக்குகிறான். “எல்லாரும் உங்கள மாதிரி நடந்தா எங்க வயித்துல பால வார்த்த மாதிரி இருக்கும்க்கா. யாரு சொல்லிக் குடுத்தது?” “எங்க வீட்டுக்காரர். அவரும் டிரைவர்தான்.” “அப்படியா? இப்ப எந்த ரூட்ல ஓட்டுறார்?” அவள் பையின் காதை விரலில் ஒருமுறை சுற்றிக்கொள்கிறாள். “அதத்தான் தம்பி, தினம் பாத்துக்கிட்டே வர்றேன்.” அவனுக்குப் பின்னால், வளைவில், இன்னொரு லாரியின் ஹாரன் கேட்கிறது. புல்லில் நின்றபடியே அவள் நிமிர்கிறாள்.