சேவை மனப்பான்மை

நடு ஹாலில் ரத்தினபாய் மயங்கி விழுந்தாள். மகன் ஜேசன் பதறியடித்து ஓடிவந்து, அவள் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "யாராவது தண்ணி கொண்டாங்க!" என்று கத்தினான்.

"நல்லால்ல," என்றார் சோபாவில் கால்மேல் கால் போட்டிருந்த அப்பா சத்தியநாதன். "ரத்தினா, மயக்கம் போடறவ சேலையைச் சரிபண்ணிக்கிட்டா விழுவா? ஜேசா, உன் மூஞ்சில கருணையே வரல. எங்க, இன்னொரு தடவை!"

ரத்தினபாய் முழங்கையைத் தேய்த்துக்கொண்டே எழுந்து, மறுபடி விழுந்தாள்.

எல்லாம் ஜேசன் டாக்டராவதற்காகத்தான். நீட்டில் அவன் எடுத்த மார்க்குக்கு இங்கே எந்தக் கல்லூரியும் கதவைத் திறக்கவில்லை. போன வருஷம் ஒரு வெளிநாட்டுக் கல்லூரிக்காரர்கள் சென்னைக்கே வந்து இன்டர்வியூ வைத்தார்கள். "கஷ்டப்படற யாருக்காவது உதவி பண்ணியிருக்கியா?" என்று கேட்டார்கள். ஜேசன் வெகுநேரம் யோசித்துவிட்டு, "பக்கத்து வீட்டுக்கு வைஃபை பாஸ்வேர்டு குடுத்திருக்கேன் சார்" என்றான்.

சேவை மனப்பான்மை போதவில்லை என்று மெயில் வந்தது. இந்த வருஷமும் அதே மெயில் வந்தால் சொந்தக்காரர்கள் முகத்தில் விழிக்க முடியாது என்று சத்தியநாதனுக்குத் தூக்கமே போய்விட்டது.

"ஏதாவது முதியோர் இல்லத்துக்கு அனுப்பிப் பார்க்கலாமே," என்றாள் ரத்தினபாய். அனுப்பினார்கள். ஜேசன் வாசலோடு திரும்பி வந்து, "உள்ள ஒரே வாடைப்பா" என்றான்.

சேவை செய்வதைவிடச் செய்ததாகச் சொல்வது சுலபம் என்று சத்தியநாதனுக்கு அப்போதுதான் ஞானம் பிறந்தது. தாம்பரம் ஸ்டேஷனில் மயங்கி விழுந்த ஒரு பாட்டியை ஜேசன் காப்பாற்றியதாக அவரே உட்கார்ந்து ஒரு கதை எழுதினார். சொல்லும்போது நிஜமாகவே நடந்த மாதிரி இருக்க வேண்டுமென்று ரிகர்சலும் வைத்தார். பாட்டி வேஷத்துக்கு வீட்டில் ரத்தினபாயை விட்டால் வேறு ஆள் இல்லை.

"அம்மா எப்ப விழுவான்னு உனக்குச் சொல்ல மாட்டேன்," என்று மகனுக்குக் கண்டிஷன் வேறு போட்டார். "பேஷன்ட் சொல்லிட்டா விழுவாங்க?"

அதற்கப்புறம் ரத்தினபாய் அடுப்படியில் விழுந்தாள், மொட்டைமாடியில் விழுந்தாள், கீழ்க்கட்டளை காய்கறிக் கடை வாசலில்கூட விழுந்தாள். கடைக்காரர் சொம்புத் தண்ணீரோடு ஓடிவர, "ஒண்ணுமில்லண்ணா, ரிகர்சல்" என்றான் ஜேசன். அவர் இந்தக் குடும்பத்துக்கு அன்றோடு கடன் கொடுப்பதை நிறுத்திவிட்டார்.

இன்டர்வியூ அன்று ரத்தினபாய் மகனுக்காக உபவாசம் இருந்தாள். சுகர் மாத்திரையை மட்டும் மறக்காமல் விழுங்கிவிட்டு, இட்லியை ஆண்டவருக்கு விட்டுக்கொடுத்தாள். "நல்லா ஜெபம் பண்ணு," என்றார் நாலு இட்லியை உள்ளே தள்ளிக்கொண்டிருந்த சத்தியநாதன்.

தாம்பரத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டு ஹோட்டல் ஒன்றில்தான் இன்டர்வியூ. வராண்டா முழுக்க டை கட்டிய பிள்ளைகள் உதட்டை அசைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஜேசனும் அப்பா அம்மாவோடு ஒரு ஓரமாகக் காத்திருந்தான். மத்தியானம் ஆன பிறகுதான், "ஜேசன் சத்தியநாதன்!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

ஜேசன் எழுந்தான். அதே நேரம் அவன் காலடியில் ரத்தினபாய் தொப்பென்று விழுந்தாள்.

இதுவல்லவோ விழுவது! சேலையைப் பிடிக்கவில்லை, கையை ஊன்றவில்லை. "சூப்பர்மா!" என்று ஜேசன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.

"இன்னைக்குத்தான் ஒழுங்கா விழுந்திருக்கா," என்று பூரித்துப்போனார் சத்தியநாதன். "ரிகர்சல் போதும், நீ உள்ள போடா!" என்றவர், பையன் உள்ளே போகிற செய்தியை மச்சானுக்குச் சொல்லப் போனும் கையுமாக வாசலுக்கு நடந்தார். ஜேசன் அம்மாவைத் தாண்டி அறைக்குள் போனான்.

உள்ளே மூன்று நாற்காலிகளில் ஒன்று காலியாக இருந்தது. மற்ற இரண்டில் இருந்தவர்கள் போன வருஷக் கேள்வியையே கேட்டார்கள். ஜேசன் பொழிந்து தள்ளினான். பாட்டி விழுந்ததையும், கூட்டம் வேடிக்கை பார்த்ததையும், தான் ஒருவன் மட்டும் ஓடியதையும் சொல்லச் சொல்ல அவனுக்கே கண் கலங்கியது.

பாதியில் ஒரு பெண் டாக்டர் வேகமாக உள்ளே வந்தார். கையிலிருந்த குளுக்கோஸ் பாக்கெட்டை மேஜையில் வைத்துவிட்டு, காலி நாற்காலியில் உட்கார்ந்து மீதிக் கதையைக் கேட்டார்.

"அழகாச் சொன்னீங்க," என்றார். "ஒருத்தர் கீழ விழுந்தா உங்களால பார்த்துக்கிட்டு இருக்க முடியாது, இல்ல?"

"முடியவே முடியாது டாக்டர். சின்ன வயசுலேர்ந்தே என் சுபாவம் அப்படி."

"அப்படியா? இப்ப நீங்க உள்ள வரும்போது வராண்டாவுல ஒரு அம்மா மயங்கி விழுந்தாங்க. குளுக்கோஸ் குடுத்தப்புறம்தான் கண்ணையே திறந்தாங்க. நீங்க அவங்களைத் தாண்டி வந்ததை நானே பார்த்தேன். ஏன் தம்பி நிக்கல?"

ஒரு டாக்டரையே ஏமாற்றுகிற அளவுக்கு அம்மா தேறிவிட்டாளே என்று ஜேசனுக்குப் பெருமை தாங்கவில்லை. வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே சொன்னான்:

"ஐயோ, அது ஒண்ணுமில்ல டாக்டர்... எங்கம்மாதான்!"