இரண்டு குறைகள்

எழுபது வருடங்களுக்கு முன்பு, ஒரு சின்ன ஊர்ப் பள்ளிக்கூடம்.

"கணக்கு வாத்தியார் தங்கமான மனுஷன். அவரைக் கட்டிக்கங்கம்மா," என்றார் தலைமையாசிரியர்.

பாட்டு டீச்சர் தடுமாறினாள். "வேண்டாம் சார்."

"அப்படி என்ன குறை?"

"தூங்கினா குறட்டை விடுவார்."

தலைமையாசிரியருக்குத் தலை சுற்றியது. "காலையில அவரும் வேண்டாம்னுட்டார். நீங்க தூக்கத்துல போர்வையை மொத்தமா இழுத்துக்குவீங்களாம். மூணு தெரு தள்ளி இருக்கறவங்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?"

அவள் தலை குனிந்தாள். "எங்களுக்குக் கல்யாணமாகி நாலு வருஷமாச்சு சார். கல்யாணமான டீச்சருக்கு வேலை கிடையாதேன்னு மறைச்சுட்டோம். லீவுலதான் ஒண்ணா இருக்கோம்."

அவர் மேஜைமேல் இருந்த உத்தரவை அவள் பக்கம் நகர்த்தினார்.

"அந்த விதியை எடுத்துட்டாங்க. அதனாலதான் கேட்டேன். இனிமே ஒரே வீட்டுல இருங்க. போர்வை மட்டும் ரெண்டா வாங்கிக்கங்க."