அப்பா பிடித்த வெளிச்சம்

ஜன்னல் வழியே வந்த சாயங்கால வெளிச்சம் அம்மாவின் ஒரு கன்னத்தில் மட்டும் உட்கார்ந்திருக்கிறது. இருட்டாக இருக்கும் மறு கன்னத்துக்கு வெள்ளை அட்டையால் வெளிச்சத்தைத் திருப்பிவிட்டுப் படம் எடுக்க வேண்டும். கல்லூரியில் மகளுக்குக் கொடுத்த பயிற்சி அதுதான். பஸ் ஓட்டிவிட்டு வந்த அப்பா, யூனிஃபார்மைக்கூடக் கழற்றாமல், தெர்மாகோல் அட்டையை ஸ்டியரிங் மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அவரும் அம்மாவும் முகம்கொடுத்துப் பேசி நாலு நாளாகிறது. "கொஞ்சம் சாய்ங்கப்பா, இன்னும் கொஞ்சம்." அட்டை சாயச் சாய, வெளிச்சம் அம்மாவின் கழுத்திலிருந்து ஏறி, முகவாயைத் தாண்டி, கண்ணுக்குக் கீழே வந்து நிற்கிறது. அப்பாவின் பார்வையும் அங்கேயே நின்றுவிடுகிறது. அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "உங்கப்பாவுக்குக் கை வலிக்கலையான்னு கேளு" என்கிறாள். "வலிக்கலைன்னு சொல்லு." அம்மாவின் கன்னத்தில் வெளிச்சம் லேசாக நடுங்குகிறது. அவள் சட்டென்று அவர் பக்கம் திரும்புகிறாள். "அட்டை இந்த ஆட்டம் ஆடுது, வலிக்கலையாம்! கீழ வைங்க." கேமரா 'க்ளிக்' என்கிறது. மகளுக்கு வேண்டிய படம் கிடைத்துவிட்டது. "எடுத்தாச்சாம்மா?" என்று அப்பா கேட்கிறார். அவள் கேமராவுக்குப் பின்னாலிருந்து முகத்தை எடுக்காமலே சொல்கிறாள்: "இல்லப்பா, இன்னும் கொஞ்ச நேரம் பிடிங்க."