ஒரு விரல் அகலம்

“நாளையிலேர்ந்து நான் வரல, மாஸ்டர்” என்று சொல்லிவிட்டு, மெஷின்மேல் உறையைப் போட்டு மூடினாள் தையல்கார அக்கா.

சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் லாயரம்மா கடைக்குள் காலை வைத்தாள்.

லாயரம்மா சட்டம் படித்தவள் இல்லை. யார் வீட்டுச் சண்டையாக இருந்தாலும் தீர்ப்பு சொல்லாமல் அந்த இடத்தை விட்டு நகரமாட்டாள். அதனால் தெருவே கூடி வைத்த பெயர்.

வந்ததென்னவோ புருஷனின் சாம்பல் நிறப் பேன்ட்டை வாங்கிக்கொண்டு போகத்தான். சாயங்காலம் அவர் ஆபீசில் விருந்து. நாலு பேர் நடுவில் போட்டுக்கொண்டு நிற்கும்படி அவரிடம் இருப்பது அது ஒன்றுதான். ஆனால் கண்ணெதிரே ஒரு சண்டை நடக்கும்போது பேன்ட்டா முக்கியம்?

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“என்ன மாஸ்டர், அவங்களை என்ன பண்ணினீங்க?”

மாஸ்டர் துடைத்த கத்தரிக்கோலையே திரும்பத் துடைத்தார். அந்தத் தெருவில் அவரை நம்பாத ஆள் கிடையாது. கைக்குட்டைக்குக்கூடப் பற்றாத மிச்சத் துணியையும் மடித்துத் திருப்பித் தருவார். பாக்கெட்டில் மறந்துபோன சில்லறையைக் கவரில் போட்டு வைத்திருப்பார். அப்பேர்ப்பட்ட மனுஷரிடம்தான் அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றாள்.

விஷயம் இதுதான். அக்காவுக்கு உருப்படிக் கூலி. புதுசாகச் சட்டையோ பேன்ட்டோ தைத்தால் கைமேல் காசு. பழசைப் பிரித்துத் தைத்தால் ஒன்றும் கிடையாது. ஏனென்றால் கடை வாசலில் ஒரு துணி பேனர் தொங்கியது: ‘எங்களிடம் தைத்த துணிக்கு ஆயுள் முழுக்க ஆல்ட்டரேஷன் இலவசம்.’

வாங்காத காசை நான் எங்கேயிருந்து எடுத்துக் கொடுப்பது என்று மாஸ்டர் கேட்டார். கடை திறந்த புதிதில் வாடிக்கை பிடிப்பதற்காகக் கட்டிய பேனராம். அப்போது புதுசு குவிந்தது. பழசு எப்போதாவது வரும். இப்போது எல்லாரும் ரெடிமேடுக்குப் போய்விட்டார்கள். ஆயுள் முழுக்க என்பதை மட்டும் யாரும் மறக்கவில்லை.

“புதுசு தைக்கிறது விளையாட்டும்மா” என்றாள் அக்கா. “பழசுன்னா ஒவ்வொரு தையலாப் பிரிக்கணும். பிரிச்ச தடம் தெரியாமத் தைக்கணும். கண்ணு அவிஞ்சு போகுது. வீட்டு ஓனர் வாடகைக்கு வந்து நின்னா, ஆயுள் முழுக்க இலவசம்னு அவர்கிட்ட நான் சொல்ல முடியுமா?”

லாயரம்மாவுக்கு ரத்தம் கொதித்தது. உழைப்பவள் வயிற்றில் அடித்த காசு ஒட்டாது என்று ஆரம்பித்தவள், மாஸ்டரின் மனசாட்சி வழியாகப் போய், அவர் பிள்ளைகளின் எதிர்காலம்வரை ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தாள். மாஸ்டர் கழுத்தில் கிடந்த டேப்பைச் சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார்.

“வர்றவங்ககிட்ட எப்படிம்மா கேக்கறது? எல்லாம் நல்ல குடும்பம். இத்தனை வருஷமாப் பழகினவங்க...”

“நல்ல குடும்பமா? ஓசியில தைச்சுக்கறதுக்குன்னே ஒரு கூட்டம் அலையும், மாஸ்டர். வெக்கங்கெட்டதுங்க. காசைக் கேளுங்க. குடுக்க மனசில்லாதவன் தொப்பையைக் குறைச்சுக்கட்டும்.”

மாஸ்டர் வாயைத் திறந்தார். அக்காவைப் பார்த்தார். அக்கா தரையைப் பார்த்தாள். மாஸ்டர் வாயை மூடிக்கொண்டார்.

“என்ன மென்னு முழுங்கறீங்க? யாராவது கோவிச்சுக்கிட்டா என் பேரைச் சொல்லுங்க. நான் பாத்துக்கறேன்.”

“உங்க பேரையே சொல்லிடட்டுமாம்மா?”

“தாராளமா.”

அவ்வளவுதான். மாஸ்டர் விறுவிறுவென்று வாசலுக்குப் போய் பேனரை அவிழ்த்து வந்து கட்டிங் மேஜையில் விரித்தார். கத்தரிக்கோலை எடுத்து, கடைசியில் இருந்த ‘இலவசம்’ என்ற வார்த்தையை மட்டும் நூல் பிடித்த மாதிரி வெட்டி எடுத்தார். இனிமேல் பிரித்துத் தைக்கப் புதுத் தையலில் பாதிக் கூலி, அது முழுக்க அக்காவுக்கே என்றார்.

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மெஷின் உறையை எடுத்தாள். ஊசியில் நூல் கோத்தாள்.

லாயரம்மா எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டாள். இந்தத் தெருவுக்கு நான் மட்டும் இல்லையென்றால் என்ன ஆகும் என்ற கவலை அவள் முகத்தில் ஓடியது. “சரி, எங்க வீட்டுக்காரர் பேன்ட்டைக் குடுங்க. நேரமாச்சு.”

அக்கா அலமாரியின் மேல்தட்டிலிருந்து சாம்பல் நிறப் பேன்ட்டை எடுத்து மெஷின்மேல் விரித்தாள். இடுப்புப் பட்டியின் உள்பக்கம் பழைய தையல் தடங்கள் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாகக் கோடு கோடாக ஓடின.

“இன்னும் பிரிக்கல, இதோ, உடனே தைச்சுடறேம்மா. எப்பவும் போல ஒரு விரல் அகலம் விடணும், அவ்வளவுதானே? முதல் கூலியே உங்க கையால வாங்கறது எனக்கு ரொம்பச் சந்தோஷம்.”

மாஸ்டர் கூரையைப் பார்த்தபடி தொகையைச் சொன்னார்.

லாயரம்மா கைப்பையைத் திறந்தாள். உள்ளே பார்த்தாள். மூடினாள். பிறகு எட்டி, ஊசிக்கு அடியிலிருந்து பேன்ட்டை உருவிக்கொண்டாள்.

“அப்படியே குடுத்துடுங்க. ஒரு சாயங்காலம்தானே, அவரை மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கச் சொல்றேன்.”