நூற்றியொன்றாவது விருப்பம்

அவள் விரல் 'பூட்டு' என்ற பொத்தானுக்கு மேல் வந்துவிட்டது.

அழுத்தினால் முடிந்தது. குழந்தை மருத்துவம் படிக்க அவள் கேட்கும் ஆஸ்பத்திரிகளின் பட்டியல் கம்ப்யூட்டருக்குப் போய்விடும். பிறகு பிரம்மாவே வந்தாலும் திருத்த முடியாது.

மொத்தம் நூறு ஆஸ்பத்திரிகள்.

பின்னால் அப்பா வந்து நின்றார். நெற்றியில் கிடந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார்.

"என்னம்மா இது, மொட்டையா நூறுன்னு நிக்குது? ஒண்ணு சேரு."

அப்பா கல்யாணப் பத்திரிகை அச்சடிப்பவர். நூறு கேட்டு வந்தவர்களுக்கும் நூற்றியொன்று அடித்துத்தான் கொடுப்பார். மொய்யானாலும் முறுக்கானாலும் மேலே ஒன்று இல்லாமல் அவர் கையைவிட்டு எதுவும் போனதில்லை.



சேர்ப்பதற்கு ஒன்றே ஒன்றுதான் மிச்சம். கூனிப்பாறை.

அந்தப் படிப்புக்கு மொத்தமே நூற்றியொரு ஆஸ்பத்திரிகளில்தான் வசதி. போன ஞாயிற்றுக்கிழமை அவளும் செல்வினும் நாலு மணி நேரம் போனில் சண்டை போட்டு, சமாதானமாகி, மறுபடி சண்டை போட்டு, இருவருக்கும் ஒரே பட்டியலை ஒரே வரிசையில் தயாரித்தார்கள். இருவர் ரேங்க்கும் அப்படியொன்றும் ஊருக்குச் சொல்லும்படி இல்லை. ஆனால் பக்கத்துப் பக்கத்தில் இருந்தது. கிடைத்தால் ஒரே ஊரில் கிடைக்கும்.

கிடைத்த அன்றைக்கே காதலை அவரவர் வீட்டில் சொல்லிவிடுவது. கிடைக்காவிட்டால் சேர்ந்தே அடுத்த வருஷம் மறுபடி எழுதுவது. ஒருவரை விட்டு ஒருவர் எங்கும் போவதில்லை. இது சத்தியம்.

கூனிப்பாறையைப் பட்டியலிலிருந்து வெட்டியவன் செல்வின். மலையில் கடைசி ஊர். நாளைக்கு இரண்டு பஸ். ஆள் போகாமல் வருஷா வருஷம் நாலு இடமும் காலியாகவே கிடக்கும்.

"அங்க ஓ.பி. சீட்டு வாங்க நோயாளியவிட குரங்குதான் ஜாஸ்தி வரும்" என்றான்.

அவளும் விழுந்து விழுந்து சிரித்தாள்.

இப்போது சிரிப்பு வரவில்லை.

"நூறே போதும்ப்பா."

"நல்ல காரியத்துக்கு மொட்டையா விடக் கூடாதும்மா. சும்மா கடைசியில போடு. கடைசி வரைக்குமா வரப்போகுது?"

முடியாது என்றால் காரணம் சொல்ல வேண்டும். காரணத்தின் பெயர் செல்வின். நாகர்கோவில்காரன். அம்மாவோடு வாரம் தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன். இதை எந்தப் பத்திரிகையில் எப்படி அச்சடிக்கச் சொல்லி அப்பாவிடம் கேட்பது?

போட்டாள். கடைசியில், நூற்றியொன்றாவதாக.

பூட்டினாள்.

அப்பாவுக்குப் பரம திருப்தி. அவரே காபி போட்டுக்கொண்டு வந்து கொடுத்தார்.

கம்ப்யூட்டருக்கு மொட்டையும் தெரியாது, மொய்யும் தெரியாது. ரேங்க் வரிசையில் ஒவ்வொருவராக எடுக்கும். அவருடைய பட்டியலை மேலிருந்து கீழே படிக்கும். எந்த இடம் முதலில் காலியாகத் தென்படுகிறதோ அதை அவர் தலையில் கட்டிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விடும். வேண்டாம் என்று சொன்னால் அடுத்த வருஷப் பரீட்சை கிடையாது.

அன்றைக்கே செல்வினிடம் சொல்லியிருக்க வேண்டும். நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தாள். மறுநாளும் நாளைக்குத்தான் என்று ஆனது. கடைசி வரைக்குமா வரப்போகிறது?

அவனும் அந்த வாரம் சரியாகப் பேசவில்லை. ஐந்து நிமிஷத்துக்குள் மூன்று தடவை "சாப்பிட்டியா?" என்று கேட்டான். தன்னுடைய திருட்டு முழி போனிலேயே தெரிந்துவிட்டதோ என்று அவளுக்குப் பயம்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு முடிவு வந்தது.

கிடைத்த இடம்: கூனிப்பாறை.

விருப்ப எண்: 101.

அப்பா இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார். "பாத்தியா! நூறோட விட்டிருந்தா?"

நூறோடு விட்டிருந்தால் ஒன்றும் கிடைத்திருக்காது. செல்வினுக்கும் கிடைத்திருக்காது. இரண்டு பேரும் ஒரே புத்தகத்தை வைத்துக்கொண்டு அடுத்த வருஷம் வரை சந்தோஷமாகச் சண்டை போட்டிருக்கலாம்.

இப்போது மூன்று வருஷம். மலையில். அவன் இல்லாமல். கொடுத்த சத்தியத்தைத் தானே மீறிய பாவத்துக்குத் துணையாகக் குரங்குகள்.

அவள் அழுதாள். வாய்விட்டே அழுதாள்.

"ஆனந்தக் கண்ணீர்" என்று அப்பா எதிர் வீட்டுக்காரரிடம் விளக்கிவிட்டு, அச்சகத்து ஆட்களுக்கு ஸ்வீட் வாங்கக் கிளம்பினார்.

போன் அடித்தது. செல்வின்.

அவள் வாயைத் திறப்பதற்குள் அவன் ஆரம்பித்துவிட்டான்.

"எழில், திட்டாத. நான் உனக்குத் துரோகம் பண்ணிட்டேன். பூட்டுற நேரம் பார்த்து அம்மா வந்து பக்கத்துல நின்னாங்க. 'முழுசா நூறுன்னு விடாத மக்கா, ஒண்ணு கூட போடு'ன்னு ஒரே பிடிவாதம். நான் என்ன செய்ய? சேர்க்க வேற என்ன இருந்துச்சு, சொல்லு."

அவளுக்கு விக்கல் நின்றது.

"எந்த ஊர் கிடைச்சிருக்கு?"

நன்றாகத் தெரிந்துகொண்டேதான் கேட்டாள். அவன் வாயால் கேட்க வேண்டும் போல இருந்தது.



"குரங்கு ஊரு" என்றான், செத்துப்போன குரலில்.

அவள் பதில் சொல்வதற்குள் வாசலில் செருப்புச் சத்தம். அப்பா திரும்பி வந்துவிட்டார். ஒரு கையில் ஸ்வீட் டப்பா. இன்னொரு கையில் வரைபடம் திறந்த போன். முகத்தில் காலையில் இருந்த களை இல்லை.

"ஏம்மா, இது மலை உச்சியிலயில்ல காட்டுது? அங்க நமக்குத் தெரிஞ்சவங்கன்னு ஒருத்தர்கூட இல்லையே."

அவள் அழைப்பைத் துண்டிக்கவில்லை. போனை மெல்ல மேஜை மேல் வைத்தாள். நாற்காலியை இழுத்து அப்பாவுக்குப் போட்டாள். அவர் உட்காரும்வரை காத்திருந்தாள்.

"ஒருத்தர் இருக்காருப்பா."