நாற்பத்தேழாவது நாள்

கோடு விழவில்லை.

எங்கள் போதை மீட்பு மையத்தின் சிறுநீர்ப் பரிசோதனை அட்டையில் கோடு விழுந்தால் ஆள் சுத்தம். விழாவிட்டால் உடம்பில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். புதிதாக வருகிறவர்கள் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு சந்தோஷப்படுவார்கள். அவன் பழைய ஆள். பார்த்ததும் முகம் செத்துப்போனது.

“அடப்பாவி, இன்னும் பதிமூணு நாள்தானேய்யா பாக்கி!” என்றார் ஆலோசகர்.

“என் பொண்ணு மேல சத்தியமா நான் எதையும் தொடல சார்.”

ஆய்வகக்காரர் வேறு பக்கம் திரும்பிச் சிரித்தார். குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு என்று இந்தக் கட்டடத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. விதி. அதனால் மனசுக்குள் சொல்லிக்கொள்வோம்.

அன்று புதன்கிழமை, நாற்பத்தேழாவது நாள். போதை எதையும் தொடாமல் அறுபது நாளைத் தாண்டிவிட்டால் நீதிமன்றம் அவன் மேலுள்ள வழக்கை முடித்துவிடும். அப்புறம் அவன் வீட்டோடு இருப்பான், நாங்கள் யாரும் எட்டிப் பார்க்க மாட்டோம். நடுவில் ஒரு தடவை தவறினாலும் தொண்ணூறு நாள் உள்ளே. பூட்டிய வார்டு.

அவனைக் கவனிப்பது ஆலோசகர். அவன் மனைவியைக் கவனிப்பது நான். போதைக்காரர்களின் வீட்டில் அடிபடுகிறவர்களுக்கென்று தனியாக ஒருத்தி வேண்டும் என்று போட்ட வேலை இது. ஒரே குடும்பம், இரண்டு கோப்பு.

புருஷன் காதுபடப் பெண்டாட்டியிடம் ஒரு கேள்வியும் கேட்கக் கூடாது. என் தொழிலில் அதுதான் அரிச்சுவடி. குழந்தையின் தடுப்பூசிப் படிவத்தில் ஒரு கையெழுத்து வேண்டும் என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லி, அவளை என் அறைக்குக் கூட்டிப் போனேன். அந்த ஒரே படிவத்தில் அவள் இதுவரை பதினோரு கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.

கதவைச் சாத்தினேன். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். வலது கையில் இரண்டு விரல்களுக்குக் கட்டுப் போட்டிருந்தது. கதவிடுக்கில் நசுங்கியதாக மருத்துவமனைச் சீட்டில் இருக்கிறது.

குடித்த காலத்தில் அவன் ஒன்பது மணிக்கெல்லாம் விழுந்துவிடுவான். அதற்கு முன்னால் கையை ஓங்கினாலும் பாதி அடி சுவருக்குப் போகும். குடியை விட்ட பிறகு தூங்குவதே இல்லை. கட்டில் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, யாரோடு பேசினாய், எதற்குச் சிரித்தாய் என்று விடிய விடியக் கேட்பான். பதில் பிடிக்காவிட்டால் ஒரு விரல். நிதானமாக. இப்போது குறி தவறுவதில்லை.

இதை அவள் யாரிடம் சொல்வாள்? நாத்தனார் தினமும் போன் செய்து, “அண்ணன் தங்கமா மாறிட்டாரு, நீங்க குடுத்து வச்சவங்க அண்ணி” என்கிறாள். ஆலோசகர் அவனை மற்றவர்களுக்கு உதாரணமாக எழுப்பி நிறுத்துகிறார். திருந்திய மனிதனைக் குறை சொன்னால் சொன்னவள் வாயைத்தான் அடைப்பார்கள். நான் நம்பினேன். நான் நம்பி என்ன புண்ணியம்? புகார் எழுதித் தர அவளுக்குப் பயம். காகிதத்தில் இல்லாதது எங்கள் அலுவலகத்தில் நடக்காதது.

தண்ணீர் கொடுத்தேன். இடது கையால் வாங்கிக் குடித்தாள்.

“அவர் பொய் சொல்லல மேடம். நேத்து பால்ல நான்தான் கலந்தேன். ஒரு ராத்திரியாவது தூங்கலாம்னு.”

அவனே எப்போதோ பழைய ஷூவுக்குள் ஒளித்துவைத்து மறந்துபோன தூக்க மாத்திரை.

“தூங்கினீங்களா?”

“எட்டு மணி நேரம்” என்றாள், ஏதோ திருடித் தின்றவள் போல.

நான் இதை எழுத வேண்டும். இரண்டு கோப்பில் யாரால் யாருக்குத் தீங்கு வந்தாலும் ஆலோசகரும் நானும் ஒருவருக்கொருவர் சொல்லியாக வேண்டும் என்பது ஒப்பந்தம். எழுதினால் அவன் மேல் தப்பில்லை. சாயங்காலமே வீடு. பாலில் கலந்தது யார் என்பதும் அவனுக்குத் தெரிந்துவிடும். அவளுக்கு இன்னும் எட்டு விரல் இருக்கிறது.

ஆலோசகர் கதவைத் தட்டிவிட்டு எட்டிப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. நல்ல மனிதர்.

“நாலு மணிக்கு வண்டி வருது. உங்க பக்கத்துல எதாவது சொல்றதுக்கு இருக்கா?”

“ஒண்ணும் இல்ல சார்.”

அவர் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டேன். தொண்ணூறு நாளில் ஒரு பெண் வீடு மாறலாம், குழந்தைக்குப் பள்ளிக்கூடம் மாற்றலாம், பூட்டு மாற்றலாம்.

வராந்தாவில் அவன் கத்திக்கொண்டிருந்தான். தொடவே இல்லை, தொடவே இல்லை என்று தொண்டை கட்டும்வரை கத்தினான். பாவமாகத்தான் இருந்தது. இல்லையென்று சொல்ல மாட்டேன்.

நான்கேகாலுக்கு வண்டி போய்விட்டது. அவளைப் பின்பக்க வாசல் வழியாக அனுப்பிவிட்டு வந்து அவள் கோப்பைத் திறந்தேன். கணவர் நிலை குறித்து மனைவி வருத்தம் தெரிவித்தார் என்று எழுதி மூடினேன்.

பரிசோதனை எந்த நாள் என்பது முன்கூட்டியே யாருக்கும் தெரியாது. ஆலோசகருக்கே அன்று காலையில்தான் சொல்வார்கள். பரிசோதனை முடிந்து வீடு திரும்புகிற நாளில் பெண்களுக்கு அடி விழும் என்பதால், எனக்கு மட்டும் முந்தின வாரமே சொல்லிவிடுவார்கள்.

திங்கட்கிழமை மதியம் அவள் போன் செய்திருந்தாள். பின்னால் குழாய்த் தண்ணீர் கொட்டுகிற சத்தம். அடுத்த டெஸ்ட் என்னிக்கு மேடம் என்று கேட்டாள்.

புதன்கிழமை என்றேன்.

எதற்கு என்று கேட்டிருந்தால் அதையும் எழுத வேண்டி வந்திருக்கும். கேட்கவில்லை.